புரட்டாசியில் ஒரு பிராய்

பிரிட்டோரியா,
அக்டோபர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா, தங்கச்சி நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் அம்மா வாங்கிக்கொள்கிறாள். உங்களுக்கென்று வைத்திருந்த விஷயம் அப்படியே நின்றுபோகிறது. அதனால் இந்தக் கடிதம். முழுக்க விறகும் கங்கும்தான். கரிமூட்டம் போட்டே காலத்தைக் கழித்த உங்களுக்குத்தான் இது முதலில் வந்து சேர வேண்டும்.

இந்தத் தென்னாப்பிரிக்காவில் சனி, ஞாயிறு வந்தால் எந்தத் தெருவில் நடந்தாலும் புகை வாசம் அடிக்கும். பின்கட்டில் விறகை எரித்து, அது கங்கானதும் மேலே கம்பித்தட்டைப் போட்டுக் கறி சுடுகிறார்கள். அதற்குப் பெயர் பிராய். கேஸில் சுட்டால் அதை பிராய் என்று இங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், 1995-லிருந்து அரசு விடுமுறை. பாதிப் பேர் அதை பிராய் தினம் என்றே சொல்கிறார்கள். நோபல் பரிசு வாங்கிய டெஸ்மண்ட் டூட்டு பாதிரியாரே 2007-ல் அந்தக் கொண்டாட்டத்துக்குப் புரவலராக இருந்தார். எந்த நிறமானாலும், எந்தக் கட்சியானாலும் நெருப்பைச் சுற்றி ஒன்றாக உட்காரலாம் என்பது அவர் எண்ணம்.

அந்த 24-ஆம் தேதி என்ன மாதத்தில் வருகிறது பாருங்கள்! புரட்டாசி. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. எங்கள் மேலாளர் வீட்டில் ஆபீஸ் முழுவதற்கும் அழைப்பு. போகாமல் இருக்க முடியாது, போனால் தின்ன முடியாது. சரி, ஒரு பொட்டலம் தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் ஒன்றும் சங்கடப்படவில்லை. "கறி தவிர மற்றதையெல்லாம் உனக்குத் தனித் தட்டில் சுடுகிறேன், வா" என்றார். அம்மா கேட்பாள், அதனால் எழுதிவிடுகிறேன்: கம்பித்தட்டும் தனி, இடுக்கியும் தனி.

முதலில் விறகைச் சொல்ல வேண்டும். இங்கே பெட்ரோல் பங்கிலேயே விறகு மூட்டை விற்கிறார்கள். அவர் வாங்கி வைத்திருந்தது செக்கல்போஸ் என்ற முள்மரம். ஓரத்தில் காயாத கொப்பு ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தால் நம் விடத்தலை! பாதி இளஞ்சிவப்பும் பாதி மஞ்சளுமாகப் பூ தொங்குமே, சைக்கிள் டயரைப் பதம் பார்க்குமே, அதே மரம்தான். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இயற்கையாகவே வளர்வதாம். இங்கே மேய்ச்சல் காட்டை அடைத்துக்கொள்கிறது என்று வெட்டுகிறார்கள். பக்கத்து நாடான நமீபியாவில் இந்த மாதிரிப் புதர் மரங்களை வெட்டிக் கரியாக்கிக் கப்பலேற்றுவது பெரிய தொழில். இன்னொன்றும் கேளுங்கள், சீமைக்கருவேல் இங்கேயும் இருக்கிறது. வடக்கு கேப் மாகாணத்துப் பக்கம் ஆட்டுக்குத் தீவனம், நிழல் என்று கொண்டுவந்து வைத்தார்களாம். அது நிலத்தடி நீரைக் குடித்துப் பரவி, இப்போது அரசாங்கமே ஆள் வைத்து வெட்டுகிறது. கமுதியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது.

விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் நெருப்பே வைக்கிறார்கள். தின்ன இரண்டு மணி நேரமாவது ஆகும். பசியோடு போகிறவனுக்கு இது சோதனைதான். ஆனால் கங்கு மேல் இவர்களுக்கு இருக்கிற பக்தி உங்களுக்குப் பிடிக்கும். வீட்டுக்காரரைத் தவிர யாரும் நெருப்பைக் கிண்டக் கூடாது. தட்டு இருக்கும் உயரத்தில் கையை நீட்டி எண்ணிப் பார்க்கிறார். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டியிருந்தால் ஒரு பண்டம், பத்து வரை தாங்கினால் வேறு பண்டம். புகையின் நிறத்தைப் பார்த்தே நீங்கள் மூட்டத்தை மூடுவீர்களே, அந்த ரகம். நெருப்பில் எதைப் போடலாம் என்று இவர்கள் பார்ப்பதில்லை, எப்போது போடலாம் என்றுதான் பார்க்கிறார்கள். நேரம் பார்த்துப் போட்டால் அன்னாசியும் சுடலாம், சாண்ட்விச்சும் சுடலாம்.

கங்கு கனகனவென்று இருக்கும்போது அன்னாசி போனது. டர்பன் நகரிலிருந்து வந்த தமிழர் ஒருவர் எங்கள் ஆபீஸில் இருக்கிறார். 1860-ல் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு முதல் கப்பல் வந்ததே, அதற்குப் பின்னால் வந்த கூட்டத்தில் அவர் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். தமிழ் நாலு வார்த்தைதான் வரும், மசாலாவில் மட்டும் கை குறையவில்லை. டர்பன் கடற்கரையில் அன்னாசியில் மிளகாய் மசாலா தூவி விற்பார்களாம். அதையே வட்டமாக நறுக்கி, இருபுறமும் தடவிக் கம்பியில் வைத்தார். இரண்டே நிமிடத்தில் கோடு கோடாகக் கறுத்து, சர்க்கரை பாகாகி ஓரத்தில் பொரிந்தது. பச்சை அன்னாசி தின்றால் எனக்கு நாக்கு அறுக்கும், உங்களுக்குத் தெரியும். இதில் அந்த அரிப்பே இல்லை. நாக்கை அறுக்கிற சத்து சூட்டில் செத்துவிடுகிறதாம்.

அடுத்து ஹலூமி என்ற சீஸ். மோரிலேயே வேகவைத்து எடுப்பதால் உருகி ஒழுகாமல் நிற்கிறது. கொஞ்சம் உப்புக் கரிப்பு, விலையும் அதிகம். பன்னீரும் உருகாதுதான், அதில் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தடவிச் சுட்டால் இதைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. பெரிய காளானில் பூண்டு வெண்ணெய் வைத்துச் சுட்டார்கள். பட்டர்நட் என்ற பரங்கியைப் பிளந்து, விதையை வழித்து, கீரையும் சீஸும் அடைத்து, அலுமினியத் தாளில் சுற்றிக் கங்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பரவாயில்லை ரகம்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது ரொட்டியைத்தான். பெயர் பிராய்புரொய்க்கி. வாயில் நுழையாவிட்டால் போகட்டும், செய்முறையைக் கேளுங்கள். சாதாரண வெள்ளை பிரெட். வெளிப்பக்கம் வெண்ணெய் தடவ வேண்டும். உள்ளே ஒரு துண்டில் பழச் சட்னி. மிசஸ் பால்ஸ் என்று எண்கோணப் பாட்டிலில் வரும், பீச், ஆப்ரிகாட் பழங்களைக் காடியில் போட்டது, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அதன்மேல் சீஸ், தக்காளி, வெங்காயம், உப்பு, மிளகுத்தூள், மறுபடி சீஸ். தக்காளி பிரெட்டில் நேராகப் படக் கூடாது, நீர் ஊறிக் கொழகொழத்துவிடும். அதற்குத்தான் இரண்டு பக்கமும் சீஸ் காவல். இப்படி ஆறேழு செய்து, புத்தகம் மாதிரி மூடுகிற கம்பித்தட்டுக்குள் அடுக்கி, கொக்கியை மாட்டிவிடுகிறார்கள்.

கறியெல்லாம் இறங்கி, கங்கு நீறு பூத்து, கை பத்து எண்ணும் வரை தாங்குகிற பக்குவத்தில்தான் இதை வைக்கிறார்கள். வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் வெண்ணெய் சொட்டி 'சுர்' என்று ஒரு சத்தம், லேசாகப் புகை. பிரெட் பொன்னிறமாகி, கம்பி பட்ட இடம் மட்டும் பழுப்பாகிறது. ஓரத்தில் சீஸ் எட்டிப் பார்த்தால் எடுத்துவிட வேண்டும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெங்காயம் பாதி பச்சை, பாதி வெந்தது, அதோடு அந்தச் சட்னியின் புளிப்பு. விறகுப் புகை வாசம் வேறு. கறித் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். எனக்கென்று சுட்டதில் எனக்குக் கிடைத்தது இரண்டுதான்.

ரூஸ்டர்கூக் என்று இன்னொன்று. புளிக்கவைத்த மாவை உள்ளங்கை அளவுக்குத் தட்டி, அதே மிதமான கங்கில் சுடுவது. தட்டிப் பார்த்தால் பானையைத் தட்டுகிற மாதிரி 'டொம்' என்று கேட்க வேண்டும், அப்போதுதான் உள்ளே வெந்திருக்கிறது. பிட்டு வெண்ணெயும் ஜாமும் வைத்துத் தின்பார்கள். கடைசியாக வாழைப்பழத்தைத் தோலோடு நெடுகக் கீறி, சாக்லேட் துண்டுகளைச் செருகி, அலுமினியத் தாளில் சுற்றிச் சாம்பலில் புதைத்தார்கள். தங்கச்சிக்கு இது பிடிக்கும். எனக்குத் திகட்டிவிட்டது.

மீனை விட்டுவிட்டேனே. ஆவணியில் கேப் டவுன் போயிருந்தபோது சாப்பிட்டது, அதனால் அம்மா கோபப்பட வேண்டாம். ஸ்நூக் என்று சீலா மாதிரி நீளமான மீன். முதுகில் பிளந்து விரித்து, அதன்மேல் ஆப்ரிகாட் ஜாம், வெண்ணெய், பூண்டு, எலுமிச்சைச் சாறு கலந்து பூசிச் சுடுகிறார்கள். மீனுக்கு ஜாமா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் சுளித்தேன். தொட்டுக்கொள்ளச் சீனிக்கிழங்கு வேறு. ஆனால் உப்பும் இனிப்புமாக அது சேருகிறது அப்பா, பாம்பன் பக்கத்து ஆட்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

2023-ல் இங்கே மின்வெட்டு உச்சத்தில் இருந்ததாம், ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காதாம். அப்போது ராத்திரிச் சோறே இந்த நெருப்பில்தான் என்று மேலாளரின் மனைவி சொன்னார். காப்பிக்கு வெந்நீர்கூட இதில்தான் வைத்தார்களாம்.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன். தை மாதம் நான் வருவதற்குள் நம் ஊர் வெல்டிங் பட்டறையில் அந்த மூடுகிற கம்பித்தட்டு ஒன்று அடித்து வையுங்கள். நாற்பது சென்டிமீட்டர் நீளம், முப்பது அகலம், கம்பிக்குக் கம்பி ஒரு விரல் இடைவெளி. ஒரு பக்கம் கீல், எதிர்ப் பக்கம் முழ நீளத்துக்குப் பிடி. மூடினால் நடுவே இரண்டு விரல் கனம் நிற்க வேண்டும், அதைவிட நெருக்கினால் பிரெட் நசுங்கிவிடும். துத்தநாகம் பூசிய கம்பி போட்டால் மலிவு என்பார்கள், வேண்டவே வேண்டாம். சூட்டில் அந்தப் பூச்சு கெட்ட புகை விடும். ஸ்டெயின்லெஸ் கம்பிதான் வேண்டும், காசு நான் அனுப்புகிறேன். சட்னிப் பாட்டில் இரண்டு பெட்டியில் எடுத்து வருகிறேன். கரி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்