ரவானுக்கு இடம் விடு

அன்பு மகளுக்கு,

மொரிஷியஸின் ஆட்டப் பாட்டான சேகாவை ஜாஸோடு கலந்து நீ அனுப்பிய ஒத்திகைப் பதிவைக் கேட்டேன். சாக்ஸ் நன்றாக இருக்கிறது. ஆனால் ஜாஸ் குழு ஒன்று வாசிக்க, பக்கத்து அறையில் யாரோ ரவான் என்ற சேகாவின் கை முரசைத் தட்டுவது போலத்தான் காதில் விழுகிறது. குறை ரவான்காரரிடம் இல்லை. டிரம்ஸும் பேஸும் அவருக்கு இடமே விடவில்லை.

முதலில் கணக்கு. சேகா 6/8, அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஆறு மாத்திரை. ஆறு மாத்திரையை இரண்டாகப் பிரித்தால் தகிட தகிட, மூன்றாகப் பிரித்தால் தக தக தக. இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுவதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஜாஸின் ஸ்விங் நடையும் உள்ளுக்குள் திஸ்ரம்தான், அடிக்கு மூன்று மாத்திரை. ஆனால் ஒவ்வோர் அடியிலும் முதல் மாத்திரையும் மூன்றாவதும் ஒலிக்கும், நடுவிலுள்ளது விழுங்கப்படும். நான்கடி ஸ்விங்கின் ஒரு பாரில் 12 மாத்திரை, சேகாவுக்கு அது இரண்டு பார். 32 பார் பாட்டு 64 ஆகும், 12 பார் ப்ளூஸ் 24 ஆகும். கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்விங் விழுங்கும் அந்த நடு மாத்திரையை மரவான் என்ற கிலுகிலுப்பைப் பெட்டி விடாமல் சலசலத்து நிரப்பிக்கொண்டிருக்கும். அதன் மேல் டிரம்ஸின் ரைடு சிம்பலில் (குச்சியால் தட்டும் பெரிய உலோகத் தட்டில்) வழக்கமான 'டிங் டிங்கடிங்' விழுந்தால் தாளம் நொண்டும். உன் பதிவில் நடப்பது இதுதான்.

டிரம்ஸ்காரர் ரைடை விட்டுவிட்டு கம்பி பிரஷ் எடுக்கட்டும், அல்லது ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டட்டும். இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டை மிதிப்பதை நிறுத்தச் சொல். அது ஆறைக் கத்தியால் வெட்டுவது போல இரண்டாக்கிவிடும், 'தக தக தக' செத்துப்போகும். காலால் அடிக்கும் கிக் டிரம் வேண்டவே வேண்டாம். அந்த வேலை ரவானுடையது.

பேஸ்தான் பெரிய சிக்கல். அடிக்கொரு சுரமாக நடக்கும் வாக்கிங் பேஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் தகிட பக்கமே சாயும். ஒரு நீண்ட சுரம், பிறகு இரண்டு குட்டைச் சுரம், பிறகு மௌனம் என்று வாசிக்கட்டும். அந்த மௌனம் ரவானின் கனத்த அடி விழும் இடத்தில் இருக்க வேண்டும். அது எங்கே விழுகிறது என்று வாசிப்பவரிடமே கேட்டு, வாயால் சொல்லிப் பழகிய பிறகு பேஸைத் தொடுவது நல்லது. பியானோவின் இடது கையும் கீழ்ச் சுரங்களை விட்டு ஏறி வரட்டும்.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) அடர்த்தியையும் குறை. அரை பாருக்கு ஒரு கார்டு மாறும் பாட்டை இதில் ஏற்றினால் கேட்பவர் கவனம் தாளத்தை விட்டு கார்டு மாற்றத்துக்குப் போய்விடும். நான்கு சேகா பாருக்கு ஒரு கார்டு போதும்.

ஒரே வேகத்தில் டிக் டிக் என்று காதில் ஒலிக்கும் கிளிக் டிராக்கைத் தயவுசெய்து தூக்கிப் போடு. பழைய சேகா மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்ல வேகமெடுப்பது. தகிடவுக்கு ஓர் அடி என்று வைத்து நிமிடத்துக்கு 100 அடியில் தொடங்குங்கள். முடியும்போது 125 பக்கம் வந்தால் போதும். உன் தனி வாசிப்பைப் பாதிக்கு முன்னாலேயே முடித்துக்கொள். வேகம் பிடித்த பிறகு அந்த இடம் பாட்டுக்கும் பதில் பாட்டுக்கும் சொந்தம். அங்கே நீண்ட சோலோ வாசித்தால் ஆடுபவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

ரவானின் ஆட்டுத்தோல் ஈரக்காற்றில் தொய்யும், ஒலி மொத்தையாகும். வாசிப்பதற்கு முன் தீயில் காட்டுவது அதற்காகத்தான். ஒரே இடத்தில் பிடிக்காமல் சுற்றிச் சுற்றிக் காட்டி, இடையிடையே தட்டிப் பார்க்க வேண்டும். ரொம்பக் கிட்டே போனால் தோல் கிழியும். தீ மூட்ட முடியாத அரங்கில் இரண்டு ரவான் வைத்துக்கொண்டு, ஒன்று வாசிப்பில் இருக்கும்போது மற்றதை ஹீட்டர் அருகே வையுங்கள். செயற்கைத் தோல் தொய்யாது, ஆனால் அடி வயிற்றில் இறங்கும் அந்தச் சத்தம் அதில் குறைவு. மைக்கை ரவானுக்கு ஒரு சாண் தள்ளி, நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே குறிவைத்து நிறுத்து. மரவானுக்கு இன்னும் தள்ளி வை, இல்லாவிட்டால் அதன் சலசலப்பு சாக்ஸின் மூச்சையே மூடிவிடும்.

ரியூனியன் தீவின் மலோயா இசையையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அதுவும் இதே திஸ்ரக் குடும்பம்தான், அங்குள்ள காயாம்பும் மரவானின் உறவுக்காரன். ஆனால் ருலேர் என்ற, மேலே ஏறி உட்கார்ந்து வாசிக்கும் பெரிய முரசின் அழுத்தம் வேறு இடத்தில் விழும். மலோயா 2009இலும் மொரிஷியஸ் சேகா 2014இலும் யுனெஸ்கோ பட்டியலில் தனித்தனியாகத்தான் ஏறின. ஒரே பாட்டில் இரண்டையும் கலக்காதே, இப்போதைக்கு.

அடுத்த ஒத்திகையில் ரவான், மரவான், முக்கோண மணி மூன்றை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு பேஸ், கடைசியில் நீ என்று நுழையுங்கள். அந்தப் பதிவை அனுப்பு.

அப்பா