பிட் இறங்கினால் இங்கே பயம்

கோலாலம்பூர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? இந்த மாதப் பணத்தை அண்ணி கணக்கில் போட்டுவிட்டேன்.

"அங்கே போயும் போர் போடுகிற வேலைதானா?" என்று கேட்டிருந்தீர்கள். போர்தான், ஆனால் தண்ணீருக்கு இல்லை, கட்டடத்துக்கு. துளை போட்டு கான்கிரீட் நிரப்பி, கட்டடத்தைத் தாங்க நிலத்துக்கடியில் எழுப்பும் தூண் அது, பைல் என்கிறார்கள். திருச்செங்கோட்டு போர் வண்டியில் நாம் போடுவது ஆறரை இஞ்சுத் துளை. இங்கே மிஷின் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தோண்டுகிறது. நம் வண்டி மாதிரி காற்றடித்து இடிப்பதில்லை. பெரிய இரும்புக் குழாய், அதன் அடி விளிம்பு முழுக்க டங்ஸ்டன் கார்பைடு பற்கள். சுற்றிச் சுற்றிப் பாறையை அறுக்கும். தேய்ந்த பல்லைத் தட்டிக் கழற்றிப் புதுசு மாட்டுவது என் வேலை. நம் வண்டியில் பாறையை இடிக்கும் பட்டன் பிட்டிலும் அதே கார்பைடுதானே, கை சீக்கிரம் பழகிவிட்டது.

பாறைதான் வேறு. நம்மூரில் கருங்கல், இங்கே ஊருக்கடியில் நிறைய இடத்தில் சுண்ணாம்புக்கல். பத்துமலை முருகன் குகை இருக்கிறதே, அதே கல். மழைத்தண்ணீர் கரைத்துக் கரைத்து, சொத்தைப் பல் மாதிரி உள்ளே பொந்து. நம்மூரில் பிட் திடுமென இறங்கினால் ஊற்றுக்கண் கிடைத்ததென்று தோட்டக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். இங்கே இறங்கினால் சூப்பர்வைசர் தலையில் கை வைத்துவிடுவார். கான்கிரீட்டை லாரி லாரியாகப் பொந்து குடித்துவிடும். அதனால் முதலில் சின்னத் துளை போட்டுப் பார்த்து, பொந்து தெரிந்தால் சிமென்ட் பாலை அழுத்தி ஏற்றி அடைக்கிறார்கள். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே, முதலில் குறித்த இடத்தில் பாதி சுண்ணாம்புப் பாறை வந்ததால், சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்களாம். பைல் 114 மீட்டர் வரை போயிருக்கிறது. 370 அடிதானே என்று சிரிக்காதீர்கள், அவ்வளவும் கம்பிக்கூடும் கான்கிரீட்டும்.

துளையில் தண்ணீர் நிற்கும்போதே கான்கிரீட் போடுவார்கள், நீங்கள் பார்க்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும் குழாயை அடிவரை விட்டுக் கீழிருந்து நிரப்ப, தண்ணீர் மேலே வழிந்து போகும். குழாய் நுனி கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்கணும். வெளியே வந்தால் மண்ணும் தண்ணீரும் கலந்து அந்த பைல் போச்சு. நடுவில் நிறுத்தவும் முடியாது, சாயங்கால மழை கொட்டினாலும் சரி.

அப்புறம், மூக்கில் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் நிற்காதீர்கள். கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. இங்கே பாறைத்தூளுக்கென்றே மாஸ்க் இருக்கிறது. நம்மூர்ப் பையன் ஒருவன் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். ராடு மாற்றும் பையன்களுக்கும் சேர்த்தே வாங்கியிருக்கிறேன், மூட்டையிலேயே வைத்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி