கொழும்புக்கு வந்து சேராத நேர்ஸ்மார்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் மலர்,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பயிற்சியை விட்டுவிட்டாய் என்று மகள் சொன்னாள். வாட்டில் எத்தனை பேரை வெருட்டி நடக்கவைத்தவள் நீ! உன்னை வெருட்ட அங்கே ஆளில்லைப் போல. இங்கே பின்னேரமானால் மழை, காலி வீதியில் அதே நெரிசல்.

அக்காவின் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் போர்க்காலப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'வெள்ளுடைத் தேவதைகள்' என்று தொடங்கியிருந்தாள். அதை வெட்டச் சொன்னேன். தேவதைக்குக் கால் வீங்காது, ஓவர்டைமும் கேட்க மாட்டாள்.

அதற்குப் பதிலாக 'கெதீவ் இஸ்மாயில்' கப்பலின் கதையைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகு இந்தியப் பெருங்கடலில் வெள்ளைக்காரனுக்குக் கொழும்பும் திருகோணமலையும்தானே பெரிய பிடி. 1944 பெப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து நம்முடைய துறைமுகத்துக்குத்தான் அந்தக் கப்பல் வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் கிழக்கு ஆபிரிக்கப் படையாட்கள்; கூடவே ஐம்பதுக்கு மேற்பட்ட நேர்ஸ்மார், வேறு பெண்களும். 12ஆம் திகதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. மாலைதீவுக்குக் கிட்ட ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 விட்ட இரண்டு டோர்பிடோ. மூன்று நிமிடத்துக்குள் கப்பல் இல்லை. 1,297 பேர் செத்தார்கள், அதில் 77 பேர் பெண்கள். பிழைத்த பெண்கள் ஆறே பேர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீர்மூழ்கி, தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. அதைத் தப்பவிட்டால், கூட வந்த மற்றப் படைக்கப்பல்களுக்கும் அதே கதிதான். காவலுக்கு வந்த 'பெட்டார்ட்' கப்பல் நீந்திக்கொண்டிருந்த ஆட்களின் நடுவிலேயே நீரடிக் குண்டுகளைப் போட்டது. கடைசியில் நீர்மூழ்கியும் மூழ்கியது.

96 ஜனவரி 31 உனக்கு ஞாபகமிருக்கும். மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு காயக்காரரைத் தரையிலேயே வரிசையாகக் கிடத்தியிருந்தோம். தலைமயிருக்குள் இருந்த கண்ணாடிச் சில்லுகளை இடுக்கியால் எடுத்து எடுத்துப் போட, கிட்னி ட்ரே 'டிங் டிங்' என்றது. கத்துகிறவன் பொறுப்பான், சத்தமில்லாமல் கிடக்கிறவனை முதலில் பார் என்று மேட்ரன் சொன்னார். கையைப் பிடித்து இழுத்தவர்களையும் தாண்டிப் போனோம். ஆனால் நாங்கள் திரும்பி வரலாம் என்றுதான் தாண்டினோம். அந்தப் 'பெட்டார்ட்' கப்டனுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. அவன் செய்தது சரியா பிழையா என்று சின்னவள் கேட்டாள். நானோ கட்டுரைக்கு அதை எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுதிவிட்டாள், கெட்டிக்காரி.

கப்டன் லட்சுமியைப் பற்றியும் சேர்த்திருக்கிறாள். உனக்கும் எனக்கும் பழைய வழக்கு! மருந்து கட்டுகிற கை துவக்குத் தூக்கலாமா என்பாய் நீ. சென்னையில் படித்து, சிங்கப்பூரில் கூலி வேலைக்கு வந்த சனத்துக்கு வைத்தியம் பார்த்த மனுசி, 1943இல் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்குத் தலைவியானார். பின்னால் போனவர்களில் பாதிக்கு மேல் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெட்டைகள். பெரும்பாலும் இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள். துவக்குப் பிடித்தது இரண்டு வருசம். 71இல் வங்காள அகதிகளுக்கு, 84இல் போபாலுக்கு, பிறகு தொண்ணூறு தாண்டியும் கான்பூர் ஏழைகளுக்கு என்று வைத்தியம் பார்த்தது எத்தனை வருசம்? 2012இல் சாகும்போது வயது 97. இதற்கும் மறுப்பு வைத்திருப்பாய், தெரியும். எழுது, வாட்ஸ்அப்பில் வேண்டாம், கடிதமாக எழுது.

டிசம்பரில் வருவதானால் முன்கூட்டியே சொல்லு. மேல் அறையில் வாடகைக்கு ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சரோ