தகரம்தான் போச்சு, கார் போகல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பழைய வண்டிகள பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். 20 வருஷம் தாண்டின கார் ஆர்சிய புதுப்பிக்க 10,000 ரூபாய்னு 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஏத்துன கட்டணம், ஸ்கிராப் சென்டர், எல்லாம் விவரமா இருந்துச்சு. ஒரு இடம் மட்டும் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு, பாடி துருப்பிடிச்சு ஓட்ட விழுந்துட்டா அந்த காரோட கதை முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்க. எங்க வீட்டு கார் பாடி அப்படித்தான் முடிஞ்சுது, ஆனா அந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு, வேற ஒரு பாடிக்குள்ள, அத மாத்துனது நானும் என் மச்சானும் எங்க வீட்டு வாசல்ல வச்சு. அதனால இந்த விஷயத்துல கொஞ்சம் விவரமா சொல்லணும்னு தோணுச்சு, கடிதம் நீளமா இருந்தா மன்னிக்கணும்.

எங்க அப்பா உப்பளத்துல கணக்கு எழுதினவர். 2004ல ஒரு மாருதி 800 எடுத்தார், வெள்ளை கலர், எம்பிஎஃப்ஐ, அதாவது கார்ப்ரேட்டர் இல்லாம கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோல பீச்சுற இன்ஜின். உப்பு ஊர்ல கார் வச்சிருக்கவங்களுக்கு தெரியும், காத்துலயே உப்பு இருக்கும், வாரம் ஒருக்கா அடிப்பக்கம் தண்ணி அடிச்சு கழுவலன்னா கதவுக்கு கீழ இருக்கிற ரன்னிங் போர்டு உள்ள இருந்தே அரிச்சுக்கிட்டு வரும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும் விரல வச்சு அமுக்குனா உள்ள போயிடும். அப்படியும் அப்பா 19 வருஷம் காப்பாத்தி வச்சிருந்தார். 2023 டிசம்பர் 17, 18 மழை வந்துச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுதே அதே மழை. எங்க தெருவுல கார் சீட்டு வரைக்கும் தண்ணி, அது வடியவே நாலு நாள் ஆச்சு.

தண்ணி வடிஞ்சதும் அப்பா சாவிய எடுத்துக்கிட்டு கிளம்பிட்டார், நான்தான் கையில இருந்து வாங்கி வச்சேன். வெள்ளத்துல நின்ன வண்டிய யாரும் தயவுசெஞ்சு உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஏர் ஃபில்டர் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டன் மேல வரும்போது அந்த தண்ணிய அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், அதோட இன்ஜின் காலி. 3 பிளக்கையும் கழட்டி கிராங்க் புல்லியில ஸ்பேனர் போட்டு கையாலயே சுத்தி, தண்ணிய வெளிய எடுத்து, இன்ஜின் ஆயில ரெண்டு தடவ மாத்தினோம். கியர்பாக்ஸ் ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி வந்துச்சு, அதையும் மாத்தினோம். அந்த இன்ஜின் பொழச்சுக்கிச்சு. 796 சிசி, 3 சிலிண்டர், சின்ன இன்ஜின்தான், ஆனா 1983ல இந்த கார் வந்ததுல இருந்து 2014 ஜனவரியில தயாரிப்ப நிறுத்துற வரைக்கும் 25 லட்சத்துக்கு மேல வித்துச்சுன்னா சும்மாவா, எந்த ஊர் பட்டறையிலயும் இதுக்கு கை பழகின ஆள் இருக்கான், பார்ட்ஸ் இன்னைக்கும் கிடைக்குது.

பொழைக்காதது பாடிதான். 2024 ஜூலையில டிரைவர் பக்கம் மேட்ட தூக்குனா கீழ ரோடு தெரியுது. ஃப்ளோர்ல பேட்ச் வெல்டு வச்சுக்கலாம்னு டிங்கரிங் பட்டறைக்கு கொண்டு போனோம், அங்க இருந்த அண்ணாச்சி ஸ்குரூடிரைவர வச்சு ஒவ்வொரு இடமா தட்டிக்கிட்டே வந்தவர் பானட்ட திறந்து முன்னாடி ஸ்ட்ரட், அதாவது சக்கரத்த தாங்குற ஷாக் அப்சார்பர் தண்டு, மாட்டுற டவர்ல குத்துனார், பொலபொலன்னு உதிருது. இதுல பேட்ச் வச்சு தந்தா நான் பாவத்துக்கு போயிடுவேன் தம்பி, பிரேக் அடிக்கும்போது சக்கரம் உள்ள வந்துடும்னு சொல்லி காசு வாங்காம அனுப்பிட்டார். அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. லாரி, ஜீப்புன்னா கீழ சேஸிஸ், அதாவது பாரம் தாங்குற இரும்பு ஃப்ரேம், தனியா இருக்கும், மேல பாடி தனியா, பாடி போனா சேஸிஸ நாமக்கல்லுக்கோ கரூருக்கோ கொண்டு போய் புது பாடி கட்டிக்கலாம். இந்த மாதிரி சின்ன காருக்கு அப்படி கிடையாது, அந்த தகர கூடே தான் சேஸிஸ், ஸ்ட்ரட்டு, ஸ்டியரிங், பின் ஆக்ஸில் எல்லாத்தோட பாரமும் அதுலதான், அதுல முக்கியமான இடம் போச்சுன்னா கூட்டையே மாத்தணும்.

கோவில்பட்டி தாண்டி ஒரு கரிசக்காட்டு ஊர்ல ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் வீட்டு ஷெட்ல ஒரு 800 நிக்குதுன்னு மச்சான் தகவல் கொண்டு வந்தான். 2005 மாடல், அதுவும் எம்பிஎஃப்ஐ. கூலண்ட் இல்லாம ஓட்டி ஹெட்டு வளைஞ்சு இன்ஜின் ஜாமாகி கிடக்கு, ஆனா அந்த வறண்ட காத்துக்கு பாடி புதுசு மாதிரி இருக்கு, ரன்னிங் போர்ட தட்டுனா கணீர்னு கேக்குது. ஒரே மாடலா பாத்து வாங்குறது ரொம்ப முக்கியம். பழைய கார்ப்ரேட்டர் 800னா பெட்ரோல் பம்பு இன்ஜின் மேல இருக்கும், எம்பிஎஃப்ஐக்கு டேங்குக்குள்ள கரண்ட் பம்பு, வயரிங் வேற, பெட்ரோல் லைன் வேற, அதுல இத மாட்ட போனா ஆறு மாசம் ஆகும். ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் உயிரோட இருக்கான்னு பாத்து, முதல்ல என் பேருக்கு மாத்திட்டுத்தான் வண்டிய டோ பண்ணி கொண்டு வந்தோம்.

நான் துறைமுகத்துல கிரேன் மெயின்டனன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலை பாக்குறவன், அதனால தூக்குற வேலை எனக்கு பயமில்ல, பயமில்லாதவன்தான் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். வாசல்ல வேப்பமரம் இருக்கு, கிளையில பாரம் தூக்குற செயின் பிளாக்க மாட்டிடலாம்னு மச்சான் சொன்னான், வேண்டாம்னுட்டேன், கிளை எப்ப முறியும்னு யாருக்கு தெரியும், 3 இரும்பு பைப்ப கட்டி முக்காலி மாதிரி நிறுத்தி அதுல செயின் பிளாக்க மாட்டினோம். ஜாக்கிய மட்டும் நம்பி ஒரு தடவ கூட வண்டிக்கு அடியில போகல, ஸ்டாண்டு கொடுத்து, அது போதாதுன்னு கழட்டின சக்கரத்தயும் வண்டிக்கு அடியில படுக்க வச்சு அப்புறம்தான் தலைய உள்ள விட்டோம். முதல் வேலையா பேட்டரி வயர கழட்டினோம், அடுத்து பெட்ரோல் பம்பு ஃபியூஸ எடுத்துட்டு லைன்ல இருக்கிற பிரஷர விட்டோம், அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்.

ஆறு ஞாயித்துக்கிழமை ஆச்சு. கழட்டுறதுல ரொம்ப நேரம் தின்னது ஆக்ஸில் நட்டும் பால் ஜாயிண்டும்தான், வெள்ளத்துல நின்ன வண்டியாச்சே, முந்தின நாளே டீசல் ஊத்தி ஊறவச்சு, ஸ்பேனர்ல நாலடி பைப்ப சொருகி ரெண்டு பேர் தொங்கினோம். டிரைவ் ஷாஃப்ட்ட உருவுறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் ஆயில இறக்கிடணும், இல்லன்னா வாசல் பூரா ஆயில் கோலம்தான். கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு எந்த இடம்னு எழுதி ஒட்டினாங்க என் மனைவி, ஒவ்வொரு வயர் கனெக்டரையும் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்தாங்க, அந்த 140 போட்டோ இல்லன்னா நாங்க இன்னும் உக்காந்துக்கிட்டுத்தான் இருந்திருப்போம். எங்க வண்டி ஈசியு, அதாவது இன்ஜின நடத்துற கம்ப்யூட்டர் பெட்டி, சீட்டு மட்டத்துக்கு வந்த தண்ணியில நனைஞ்சு போச்சு, அதனால அந்த வாத்தியார் வண்டி வயரிங்கையும் ஈசியுவையும் தொடவே இல்ல, அது அப்படியே இருந்துச்சு.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒண்ணா வெளிய வந்து முக்காலியில தொங்கும்போது செய்ய வேண்டிய வேலைய அப்பவே செஞ்சிடணும், இத மட்டும் திரும்ப திரும்ப சொல்வேன். கிளட்ச் பிளேட், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், இன்ஜின் மவுண்ட் ரப்பர், எல்லாத்தையும் மாத்தினோம், அப்ப விட்டுட்டா பின்னாடி ஒரு சின்ன ஆயில் சீலுக்காக கியர்பாக்ஸ மறுபடி இறக்கணும். கிளட்ச் பிளேட்ட நடுவுல சரியா உக்கார வைக்கலன்னா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ள ஏறாது, பட்டறை அண்ணாச்சி ஒரு பழைய ஷாஃப்ட்ட கொடுத்து அனுப்பினார், அத சொருகி சென்டர் பாத்துட்டு பிரஷர் பிளேட் போல்ட்ட முறுக்கினோம், கியர்பாக்ஸ் ஒரே தள்ளுல போய் உக்காந்துச்சு. பிரேக் ஹோஸ், வீல் பேரிங் எல்லாம் புதுசு. ஆறாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாவிய அப்பாகிட்ட கொடுத்தோம், பெட்ரோல் லைன்ல ஏறுறதுக்காக ரெண்டு தடவ சாவிய ஆன்ல வச்சு எடுத்துட்டு மூணாவது தடவ திருப்பினார், புடிச்சுக்கிச்சு. சத்தத்த கேட்டுட்டு அவர் ஒண்ணும் பேசல, பானட் மேல கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார்.

இதுவரைக்கும் சொன்னது ஸ்பேனர் வேலை. உங்க கட்டுரையில வராத விஷயம் இனிமேதான் இருக்கு.

சேஸிஸ் நம்பர் அடிச்சிருக்கிறது அந்த தகர கூட்டுல. கூட்ட மாத்துனா நம்பர் மாறிடுது, அதாவது சட்டத்துக்கு முன்னாடி எங்க அப்பா கார் செத்துப் போச்சு, வாத்தியார் கார் பொழச்சுக்கிச்சு. வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு புரோக்கர் வந்தார், நம்பர் இருக்கிற தகரத்த மட்டும் வெட்டி எடுத்து இந்த பாடியில வெல்டு வச்சு பெயிண்ட் அடிச்சிடலாம், உங்க அப்பா நம்பரே இருக்கும், எவனுக்கும் தெரியாதுன்னார். வாசல்லயே வச்சு அனுப்பிட்டேன். கார் திருடுறவன் செய்யிற வேலை அது, திருட்டு வண்டியில செத்த வண்டி நம்பர ஒட்டி விக்கிறான், அதனாலதான் சேஸிஸ் நம்பர்னாலே அதிகாரிங்க சந்தேகமா பாக்குறாங்க, அந்த சந்தேகம் நியாயம்தான். மோட்டார் வாகன சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி குறிப்பிட்டதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரளா வழக்குல அதத்தான் உறுதியா சொல்லுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில்னு போட்டிருக்கு.

அதனால நாங்க நேர் வழியிலயே போனோம். வாத்தியார் வண்டி நம்பர்தான் இனிமே வண்டி நம்பர், அதுல இன்ஜின் மாத்தியிருக்கோம்னு விண்ணப்பம் கொடுத்தோம், அதே மேக், அதே டைப், இன்ஜின் எங்க வண்டியோடதுன்னு பழைய ஆர்சிய காட்டினோம், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிய பாத்து நம்பர் மேல பேப்பர வச்சு பென்சில தேச்சு பிரிண்ட் எடுத்து சரிபாத்தார், ஆர்சியில இன்ஜின் நம்பர் ஏறுச்சு. ஆபீஸ்ல இருந்தவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், மரியாதையாத்தான் பேசினாங்க. இன்ஜின் மாத்துனா எந்த பேப்பர்னு அவங்களுக்கு தெரியுது, பாடிய மாத்தி எங்க அப்பா நம்பரையே வச்சுக்க வழி இருக்கான்னு கேட்டா அதுக்கு கைய காட்ட ஒரு விதி அவங்ககிட்டயே இல்ல.

பத்து வண்டிக்கு குறையாம வச்சிருக்க டிரான்ஸ்போர்ட்காரங்களுக்கு, அதே மேக் அதே டைப் இன்ஜின முன்அனுமதி இல்லாம மாத்திக்க மாநில அரசு அதிகாரம் கொடுக்கலாம்னு அதே பிரிவு 52லயே இருக்கு. 50 வருஷம் தாண்டின விண்டேஜ் வண்டிக்குன்னு 2021ல தனி விதியே வந்துச்சு. நடுவுல இருக்கிற, 20 வருஷ 800ம் அத வச்சு பொழைக்கிற குடும்பமும்தான் எதுலயும் வரல. பிரிட்டன்ல பல வருஷமா ஒரு பாயிண்ட் கணக்கு வச்சிருந்தாங்க, பாடி ஷெல்லுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொண்ணுக்கும் 2, இன்ஜினுக்கு 1, மொத்தம் 8 வந்தா பழைய நம்பர வச்சுக்கலாம், ஷெல் பழைய ஷெல்லாவே இருக்கணும் இல்லன்னா கம்பெனியில இருந்து நேரா வாங்குன புதுசா இருந்து பில் இருக்கணும். அந்த கணக்குல கூட எங்க காருக்கு அப்பா நம்பர் கிடைச்சிருக்காது, வேற வண்டி பாடிதானே. கிடைக்காதுன்னாலும் அது எழுத்துல இருந்துச்சு, படிச்சுட்டு வேலைய ஆரம்பிக்கலாம். நமக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும், ஒரே மாடல் பாடின்னா என்ன பேப்பர், யார் பாக்கணும், எந்த நம்பர் நிக்கும், எந்த நம்பர் சாகும்னு தெளிவா நாலு வரி. ஸ்கிராப் சென்டருக்கு போற வண்டியில பாடி நல்லா இருந்தா, நசுக்குறதுக்கு முன்னாடி சர்டிபிகேட்டோட அத ஒரு குடும்பத்துக்கு விக்க வழி செய்யணும், அப்படி ஒரு வழி இருந்தா அந்த புரோக்கர் மாதிரி ஆளுங்களுக்கு வேலையே இருக்காது.

அப்பா இன்னும் பெட்ரோல் பங்குல பில்லுக்கு நம்பர் கேட்டா பழைய நம்பரத்தான் சொல்றார், நான் பக்கத்துல இருந்து திருத்துறேன்.

கடைசியா ஒண்ணு கேக்குறேன். எங்க பழைய கூட்ட இரும்புக்கடைக்கு போடுறதுக்கு முன்னாடி அந்த நம்பர் இருந்த தகரத்த வெட்டி எடுத்து, ஆர்சியோட ஒப்படைச்சு பதிவ ரத்து பண்ணினோம். அழிஞ்சு போன வண்டிய 14 நாளைக்குள்ள ஆர்டிஓகிட்ட சொல்லணும்னு பிரிவு 55ல இருக்கு, இது பாதிப்பேருக்கு தெரியாது, எடைக்கு போட்டுட்டு ஆர்சிய பீரோவுல வச்சிருக்காங்க, இல்லன்னா வண்டியோடவே கொடுத்துடுறாங்க, அந்த ஆர்சிதான் திருடன் கையில போய் சேருது. அடுத்த தடவ பழைய வண்டிய பத்தி எழுதும்போது இத மட்டும் பெரிய எழுத்துல ஒரு கட்டம் கட்டி போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி