கணக்கில் விட்டுப்போன 70 டிகிரிக் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், இரண்டாம் உலகப்போரில் அச்சு நாடுகள் (ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான்) ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1941 கடைசியில் ஜப்பான் கிழக்கிலிருந்து ரஷ்யாவைத் தாக்கியிருந்தால் மாஸ்கோ விழுந்திருக்கும், போரே முடிந்திருக்கும் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு இது ஒப்பவில்லை.

முதலில் எண்ணெய். ஜப்பானுக்கு வந்த எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது, அதை 1941 கோடையில் அமெரிக்கா நிறுத்திவிட்டது. சைபீரியாவின் பெரிய எண்ணெய் வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டதே 1960-களில்தான். சுமத்ராவிலும் போர்னியோவிலும் எண்ணெய் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது டோக்கியோ எதற்குப் பனிக்காட்டுக்குள் போக வேண்டும்? 1939-இல் மங்கோலிய எல்லையில் கால்கின் கோல் ஆற்றங்கரையில் ரஷ்யத் தளபதி ஷுக்கோவிடம் வாங்கிய அடியும் அவர்களுக்கு மறந்திருக்காது.

அப்புறம், கட்டுரை மூன்று நாடுகளின் டாங்கிகளையும் கப்பல்களையும் கூட்டி ஒரே படையாகக் காட்டுகிறது. அவர்கள் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. ஜப்பானியர் ரஷ்யர்களோடு சண்டையில் இருக்கும்போதே ஹிட்லர் ஸ்டாலினோடு ஒப்பந்தம் போட்டார், அந்த அதிர்ச்சியில் டோக்கியோவில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. 1941 மார்ச்சில் பெர்லின் போன ஜப்பான் வெளியுறவு அமைச்சர் மட்சுவோக்காவிடம், ரஷ்யாவைத் தாக்கப்போகும் திட்டத்தை ஹிட்லர் சொல்லவே இல்லை. அவரும் திரும்புகிற வழியில் மாஸ்கோவில் இறங்கி ஏப்ரல் 13 அன்று ஸ்டாலினோடு நடுநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அதன் பலன், ரஷ்யாவுக்கு அமெரிக்கா அனுப்பிய சரக்கில் ஏறக்குறைய பாதி, ரஷ்யக் கொடி கட்டிய கப்பல்களில் ஜப்பானின் வாசல் வழியாகவே விளாடிவாஸ்டாக் போனது. கூட்டாளியின் எதிரிக்குப் போகிற சரக்கு, ஜப்பான் தடுக்கவில்லை! எதிரணியிலோ, பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து இரண்டு வாரத்தில் சர்ச்சில் வாஷிங்டனில் இருந்தார். இரு நாட்டுத் தளபதிகளும் ஒரே மேசையில் உட்காரும் குழுவும் அப்போதே பிறந்துவிட்டது. அவர்களுக்குள் சண்டை இல்லாமல் இல்லை, ஆனால் சண்டை அந்த மேசையில் நடந்தது.

சரி, போரின் போக்கு மாறக்கூடிய இடம் எது? இந்தியப் பெருங்கடல் என்பேன். 1942 ஜனவரி 18 அன்று பெர்லினில் மூவரும் உலகத்தை 70 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையில் பங்கு போட்டார்கள். பேத்தியின் அட்லஸில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கோடு சௌராஷ்டிரக் கரையைக் கீறிக்கொண்டு கடலில் இறங்குகிறது, சென்னையும் கொழும்பும் ஜப்பான் பங்கில். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பைத் தாக்கின; மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது; 9-ஆம் தேதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸ் மூழ்கியது. என் பாட்டி வீட்டார் பித்தளைப் பாத்திரங்களைக் கிணற்றில் இறக்கிவிட்டு மயிலாப்பூரிலிருந்து கும்பகோணத்துக்கு ரயில் ஏறியது அப்போதுதான். சாகிற வரை அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நகுமோவின் கப்பற்படை திரும்பாமல், செங்கடல் வாசலில் இருக்கும் ஏடன் பக்கம் போயிருந்தால்? எகிப்திலிருந்த பிரிட்டிஷ் படைக்குத் தளவாடம் ஆப்பிரிக்காவைச் சுற்றி, செங்கடல் ஏறித்தான் வந்துகொண்டிருந்தது. ஜூன் 21-இல் லிபியாவின் டோப்ருக் துறைமுகம் ஜெர்மன் தளபதி ரோமல் கையில். அந்த நேரத்தில் செங்கடல் வாசலும் அடைபட்டிருந்தால் எகிப்து தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன், ஈரானின் அபாதான் எண்ணெய்க்கும் ஆபத்துதான். ஆனால் இலங்கையைப் பிடிக்க ஜப்பான் கடற்படை படை கேட்டபோது தரைப்படை தர மறுத்துவிட்டது, அதன் ஆட்கள் சீனாவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூனில் பசிபிக் கடலின் மிட்வே தீவருகே நடந்த சண்டையில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகள் போயின. அதன்பின் ரோமலுக்குக் கைகொடுக்க யாரும் மிச்சமில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வருகிறது என்று போட்டிருக்கிறீர்கள். அதில் இந்த மூன்று மாதங்களுக்கு இடம் கொடுக்கச் சொல்லுங்கள், 70 டிகிரிக் கோட்டோடு ஒரு வரைபடமும் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகர், கும்பகோணம்