அவங்க கேக்கத்தான் போனாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர் விளையாட்டுப் பக்கத்துல அமெரிக்க காலேஜ் புட்பால் பத்தி அரைப்பக்கம் கட்டுரை போட்டிருந்தீங்க, படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல வயோமிங் யுனிவர்சிட்டிக்கு ஒரே ஒரு வரி, 1969-ல ஆட மறுத்த 14 கருப்பின வீரர்கள் நீக்கப்பட்டாங்கன்னு. அந்த "ஆட மறுத்த"ங்கிற ரெண்டு வார்த்தைக்காகத்தான் இந்த லெட்டர். அவங்க ஆட மறுக்கல சார். அவங்க ஒரு விஷயம் கேக்கப் போனாங்க, கேக்க விடாம வெளிய அனுப்பிட்டாங்க.

நான் அந்த யுனிவர்சிட்டியில ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படிச்சவன். லாரமின்னு ஒரு சின்ன ஊரு, கடல் மட்டத்துக்கு சுமார் 7200 அடி மேல, ஊட்டி அளவுக்கு உயரம்னு வெச்சுக்கோங்க, ஆனா மரம் கிடையாது, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் காஞ்ச புல்லு, காது வலிக்கிற அளவுக்குக் காத்து. போன புதுசுல ஸ்டூடன்ட் யூனியன் பில்டிங்ல காபி வாங்க லைன்ல நின்னப்ப அங்க இருந்த ஒரு வெண்கலச் சிற்பத்தைப் பாத்து பக்கத்துல நின்ன பையன்கிட்ட இது என்னன்னு கேட்டேன், அவன் "பிளாக் 14"ன்னு மட்டும் சொல்லிட்டு கிளாஸுக்கு ஓடிட்டான். அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், இன்னும் நிறுத்தல.

1969-ல வயோமிங் டீம் சும்மா டீம் இல்ல. 1966, 67, 68 மூணு வருஷமும் வரிசையா அவங்கதான் அவங்க லீக் சாம்பியன், 67 சீசன்ல ஒரு மேட்ச் கூடத் தோக்காம நியூ ஆர்லியன்ஸ்ல நடக்குற சுகர் பவுல்ங்கிற பெரிய மேட்ச் வரைக்கும் போயி லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிகிட்ட 20-13ன்னு தோத்தாங்க, அதுதான் அந்த சீசன்ல ஒரே தோல்வி. ஜனத்தொகை ரொம்பக் கம்மியான ஒரு ஸ்டேட்டு, அங்க கருப்பின மக்கள் அதைவிடக் கம்மி, அதனால கருப்பின வீரர்களைப் பெரும்பாலும் வெளியூர்ல இருந்துதான் கூட்டிட்டு வருவாங்க. ஜோ வில்லியம்ஸ் டெக்சாஸ் லப்கின்ல இருந்து வந்தவரு, டோனி மெக்கீ மிச்சிகன்ல பேட்டில் கிரீக், மெல் ஹாமில்டன் நெப்ராஸ்கால பாய்ஸ் டவுன்ங்கிற இல்லத்துல வளந்தவரு. எல்லாம் இருபது வயசை ஒட்டின பசங்க. 69 சீசன்லயும் முதல் நாலு மேட்சும் ஜெயிச்சாச்சு. கோச் லாயிட் ஈட்டன்னா ஊரே எந்திரிச்சு நிக்கும்.

அடுத்த மேட்ச் அக்டோபர் 18 சனிக்கிழமை, லாரமியிலயே, யூட்டால இருக்குற பிரிகாம் யங் யுனிவர்சிட்டியோட. அது மார்மன் சபைன்னு அமெரிக்காவுல உருவான ஒரு கிறிஸ்தவச் சபை நடத்துற காலேஜ். மார்மன் சபையில குருத்துவம்ங்கிறது தனியா ஒரு பாதிரியார் கூட்டத்துக்கு மட்டும் உள்ளது இல்ல, அப்ப பன்னெண்டு வயசு ஆன சாதாரணப் பையனுக்கே முதல் படி குடுத்துருவாங்க, வீட்டுக்கு வீடு ஆம்பளைங்க எல்லாரும் வாங்குறது. ஆனா அந்தக் காலத்துல கருப்பினத்தவருக்கு மட்டும் கிடையாது. எவ்வளவு நல்லவனா இருந்தாலும், எத்தனை வருஷம் சபையில இருந்தாலும் கிடையாது, கோயிலுக்குள்ள நடக்குற முக்கியமான சடங்குகள்லயும் இடம் கிடையாது, கேட்டா ஆதிகாலத்துச் சாபம்னு ஒரு கதை. போதாததுக்கு முந்தின வருஷம் இதே டீமோட ஆடினப்ப எதிராளிங்க கேவலமா இனத்தைச் சொல்லித் திட்டினதாவும் வேணும்னே அடிச்சதாவும் நம்ம பசங்க சொல்லியிருக்காங்க. (நம்ம பசங்கன்னு எழுதிட்டேன், அப்படியே இருக்கட்டும், அந்த ஊர் சோறு ரெண்டு வருஷம் சாப்பிட்டிருக்கேன்.)

அந்த வாரம் யுனிவர்சிட்டியோட கருப்பின மாணவர் அமைப்பு ஒரு லெட்டர் குடுத்து, இந்த மேட்ச்ல எங்க எதிர்ப்பைக் காட்டுவோம்னு சொல்லியிருந்துச்சு. கையில கருப்புப் பட்டை கட்டுறது அப்ப அமெரிக்கா பூரா இருந்த பழக்கம், அக்டோபர் 15 அன்னைக்கு வியட்நாம் போருக்கு எதிரா நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் இறங்கினாங்க, அதுலயும் நிறைய பேர் கருப்புப் பட்டைதான். அதே வருஷம் பிப்ரவரியில அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே டிங்கர் கேஸ்ல, ஸ்கூல் பிள்ளைங்க கருப்புப் பட்டை கட்டிட்டு வந்தா அது அவங்க உரிமைன்னு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. ஆனா ஈட்டன் டீம்ல ஒரு ரூல், வீரர்கள் எந்தப் போராட்டத்துலயும் கலந்துக்கக் கூடாது, கூட்டம் சேரக் கூடாது.

இப்ப 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில நடந்ததைக் கவனமா பாக்கணும், உங்க கட்டுரை தவறுனது இங்கதான். 14 பேரும் சாதாரண டிரெஸ்ல, கையில கருப்புப் பட்டையோட கோச் ரூமுக்குப் போறாங்க. எதுக்கு? நாளைக்கு மேட்ச்ல இதைக் கட்டிக்கலாமான்னு கேக்க. பட்டை வேணாம்னா கருப்பு சாக்ஸ் போட்டுக்கலாமா, இல்ல ஹெல்மெட்ல ஒரு சின்ன அடையாளம் வெச்சுக்கலாமா, இதுல எதாவது ஒண்ணு. எதுக்குமே ஒத்துக்கலன்னா? அதுக்கும் அவங்க முன்னாடியே பேசி வெச்சுட்டுத்தான் போயிருக்காங்க, ஒண்ணும் இல்லாமலே ஆடுவோம், நம்ம கருப்புத் தோலே எதிர்ப்பா இருக்கட்டும்னு. இதைப் பின்னாடி சொன்னவரு ஜோ வில்லியம்ஸ், டீம் கேப்டன்கள்ல ஒருத்தரு. அதாவது எந்த வழியில பாத்தாலும் சனிக்கிழமை கிரவுண்டுல இறங்குறதா முடிவு பண்ணிட்டுத்தான் அந்தப் படியேறியிருக்காங்க. இவங்களைப் போயி ஆட மறுத்தவங்கன்னு எழுதலாமா சார்?

ஈட்டன் அவங்களைப் பக்கத்துல பீல்ட்ஹவுஸ்ங்கிற இன்டோர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போயி கேலரி படிக்கட்டுல வரிசையா உக்கார வெச்சாரு. உக்கார வெச்ச உடனேயே, நீங்க யாரும் இனிமே டீம்ல இல்லன்னுட்டாரு. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் போலப் பேசினதா சொல்றாங்க, அந்தப் பத்து நிமிஷமும் அவர்தான் பேசினாரு, கிராம்ப்ளிங், மார்கன் ஸ்டேட் மாதிரி கருப்பினக் காலேஜுக்குப் போங்க, இல்லன்னா கருப்பினத்தவருக்குக் குடுக்குற அரசாங்க நிவாரணத்துல போயி வாழுங்கன்னு. நான் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டைத்தான் நெனைப்பேன், 14 பேர், கையில பட்டை, வாய்க்குள்ள கேக்க வந்த கேள்வி, எதிர்ல நிக்கிறவரு தங்களை டீம்ல ஆட வெச்ச அதே மனுஷன்.

நானும் காலேஜ்ல கபடி ஆடினவன். எங்க கோச் ஒருத்தர், பேரும் காலேஜும் வேணாம், பஸ் காசு ஏன் இன்னும் குடுக்கலன்னு கேட்டதுக்கு ஒரு பையனை ஒழுங்கு இல்லாதவன்னு சொல்லி லிஸ்ட்ல இருந்து எடுத்தாரு, நாங்க பன்னெண்டு பேரும் தலையைக் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தோம். லாரமியில நடந்ததோட பக்கத்துல வெச்சா இது தூசு, ஒப்பிடவே கூடாது, ஆனா ஒழுங்குங்கிற வார்த்தையை எப்ப எடுப்பாங்கன்னு எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. ஈட்டனும் சரி, அவரை ஆதரிச்சவங்களும் சரி, கடைசி வரைக்கும் இது இன விஷயமே இல்ல, டீம் ஒழுங்கு விஷயம்னுதான் சொன்னாங்க. ஆனா ரூலை மீறினதா சொல்றது கிரவுண்டுல இல்ல, மேட்ச்ல இல்ல, கோச் ரூம் வாசல்ல. கோச்சைப் பாக்கப் போனதையே குத்தமாக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 67 வாக்குல, மெல் ஹாமில்டன் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு சொன்னப்ப ஈட்டன் முடியாதுன்னு நின்னதா ஹாமில்டனே சொல்லியிருக்காரு. ஒருத்தன் யாரைக் கட்டிக்கணும்ங்கிறது எந்த டீம் ஒழுங்குல சார் வருது?

அன்னைக்கு ராத்திரி யுனிவர்சிட்டி டிரஸ்டிகள் கூட்டம், கவர்னர் ஸ்டான் ஹாத்தவேயே வந்து உக்காந்தாரு, விடிய விடியப் பேசி கடைசியில கோச் பண்ணினது சரின்னு முடிச்சாங்க. மறுநாள் முழுக்க வெள்ளைக்காரங்களே இருந்த டீம் இறங்கி 40-7ன்னு ஜெயிச்சுச்சு, ஸ்டேடியம் ஈட்டனைக் கொண்டாடுச்சு. அடுத்த வாரம் சான் ஹோசே ஸ்டேட் டீம் லாரமிக்கு வந்துச்சு, முந்தின வருஷம் மெக்சிகோ ஒலிம்பிக்ஸ் மேடையில கருப்பின உரிமைக்காகக் கையை உயத்தின டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் படிச்ச காலேஜ் அது, அவங்க வீரர்கள் அந்த 14 பேருக்காகக் கையில கலர் கலரா பட்டை கட்டிட்டு ஆடினாங்க. அவங்களை யாரும் கிரவுண்டை விட்டு வெளிய போகச் சொல்லல, மேட்ச் பாட்டுக்கு நடந்துச்சு, வயோமிங்தான் ஜெயிச்சுச்சு. பட்டை கட்டினா ஒண்ணும் குடி முழுகிடாதுன்னு அதே கிரவுண்டுலயே எட்டே நாள்ல தெரிஞ்சு போச்சு.

அதோட சரி. மிச்ச நாலு மேட்சும் தோல்வி. 1970-ல பத்து மேட்ச்ல ஒண்ணுதான் ஜெயிச்சாங்க, ஈட்டன் கோச் வேலையை விட்டே போனாரு, கருப்பின வீரர்கள் அந்த யுனிவர்சிட்டிப் பக்கம் வரவே யோசிச்சாங்க. டீம் கெட்டுச்சுங்கிறதுக்காக நான் வருத்தப்படல, 14 பேரோட வாழ்க்கைதான் எனக்குப் பெருசு. அதுல ஜோ வில்லியம்ஸ் டல்லாஸ் கவ்பாய்ஸோடயும் டோனி மெக்கீ வாஷிங்டன் டீமோடயும் சேந்து, தொழில்முறை புட்பாலோட பெரிய கோப்பையான சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. இதைச் சொல்லி, பாருங்க நல்லாத்தானே வந்தாங்கன்னு பேசுறவங்க உண்டு. ரெண்டு பேர் சார். மீதிப் பேருக்கு அந்த வெள்ளிக்கிழமை எதை எடுத்துட்டுப் போச்சுன்னு எந்தக் கணக்குப் புத்தகத்துல பாக்குறது, வேற காலேஜ்ல கேட்டா கலகக்காரன்னு பேரு முன்னாடியே போயிருக்கும்.

கோர்ட்டுக்கும் போனாங்க, 11 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு. தோத்தாங்க. 1972-ல அப்பீல் கோர்ட் சொன்ன காரணத்தைப் படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுச்சு, வயோமிங் அரசாங்க யுனிவர்சிட்டி, அதோட டீம் வீரர்கள் ஒரு மதத்துக்கு எதிரா பட்டை கட்டினா அரசாங்கம் மத விஷயத்துல நடுநிலை தவறின மாதிரி ஆயிடும், அதனால நீக்கினது சரிதானாம். ஒரு மதம் என்னைத் தள்ளி வைக்குதுன்னு சொல்ல வந்தவனையே மத நடுநிலைங்கிற பேர்ல வாயை அடைச்சாச்சு. மார்மன் சபை அந்தத் தடையை எடுத்தது 1978 ஜூன்ல.

யுனிவர்சிட்டி மன்னிப்பு கேட்டது எப்பன்னு நெனைக்கிறீங்க, 2019 செப்டம்பர்ல. அம்பது வருஷம். உசுரோட இருந்தவங்கள்ல வர முடிஞ்சவங்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு நடந்தது அநியாயம்னு எழுத்துல குடுத்து, டீம் வீரர்களுக்குப் போடுற அந்த ஜாக்கெட்டையும் குடுத்தாங்க, ஸ்டேடியத்துல ஒரு கல்வெட்டும் வெச்சாங்க. எழுபது வயசுக்காரங்க, இருபது வயசுல போட்டிருக்க வேண்டிய ஜாக்கெட்டைக் கையில வாங்குறாங்க. செத்துப் போனவங்களுக்கு அதைக் கண்ணால பாக்கக்கூடக் குடுத்து வெக்கல.

இதுல நான் இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். மன்னிப்புக்கு அடுத்த வருஷம், 2020-ல, கொரோனா நேரத்துல, இந்தப் பிளாக் 14 ஆளுங்க யாரோட சேந்து பசிச்சவங்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் குடுத்தாங்க தெரியுமா, அதே மார்மன் சபையோட. சபையோட குடோன்ல இருந்து லாரியில சாமான் வந்து இவங்க இருக்குற ஊருகளுக்கெல்லாம் இறங்குச்சு, லாரமிக்கும் வந்துச்சு. எந்தச் சபையைப் பத்திக் கேள்வி கேக்கப் போயி எல்லாத்தையும் இழந்தாங்களோ அந்தச் சபையோட. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இருக்குமான்னு தெரியல, அவங்களுக்கு இருந்துச்சு, கலகக்காரங்கன்னு பேர் வாங்கினவங்க இவங்கதான்.

அதனால சார், ஒரு திருத்தம் போடுங்க. "ஆட மறுத்த"ன்னு வந்ததை எடுத்துட்டு, "அனுமதி கேட்கச் சென்ற"ன்னு போட்டா போதும், இடம் ஒண்ணும் அதிகம் ஆகாது. முடிஞ்சா பேரையும் போடுங்க, எங்க பாத்தாலும் 14ன்னு நம்பராத்தான் வருது, அது ஒரு கும்பல் மாதிரி இருக்கு. ஜோ வில்லியம்ஸ், மெல் ஹாமில்டன், டோனி மெக்கீ மூணு பேரை மேல சொல்லிட்டேன், மீதி ஜான் கிரிஃபின், ஏர்ல் லீ, வில்லி ஹைசா, டான் மெடோஸ், ஐவி மூர், டோனி கிப்சன், ஜெரி பெரி, ஜிம் ஐசக், டெட் வில்லியம்ஸ், லயனல் கிரைம்ஸ், ரான் ஹில்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பொள்ளாச்சி.