ரவுண்டு ஓடச் சொல்லாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உடற்கல்வி ஆசிரியராக வேலையில் சேர்ந்து இன்னும் முழுதாக ஒரு பருவம்கூட முடியவில்லை. அதற்குள் புலம்பல் வந்துவிட்டது. "பிள்ளைகள் ஓடவே மாட்டேன் என்கிறார்கள் மாமா, பாதிப் பேர் வயிற்றுவலி என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறார்கள், புள்ளி கொடுத்துப் பரிசு வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. உன்னைப் போல இந்த ஆண்டு புதிதாக விசிலைக் கழுத்தில் மாட்டியிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை ஊரறிய எழுதினேன் என்று உன் அம்மா கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்பிவிடு.

முதலில் ஒரு வேலை. வகுப்பில் பேசியவன், வீட்டுப்பாடம் எழுதாதவன், தாமதமாக வந்தவன் எல்லோரையும் "பி.டி. சாரிடம் போய்ப் பத்து ரவுண்டு ஓடு" என்று மற்ற ஆசிரியர்கள் உன்னிடம் அனுப்புவார்கள். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளாதே. தோப்புக்கரணத்துக்கும் இதே பதில்தான். நான் படித்த பள்ளியில் ஓட்டம் என்றால் தண்டனை என்றுதான் அர்த்தம். தப்புச் செய்யாதவன் ஓடியதே இல்லை. என்னோடு அந்த மைதானத்தைச் சுற்றியவர்களுக்கு இப்போது ஐம்பது வயதாகிறது. சர்க்கரைக்கு மருந்து எழுதிவிட்டு டாக்டர் நடக்கச் சொன்னால், மாத்திரையை இன்னும் ஒன்று கூட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடம்பை அசைப்பது அவமானம் என்று பன்னிரண்டு வயதில் கற்றுக்கொடுத்தாயிற்று, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று மாதச் சந்தா கட்டி ஏறி ஓடுகிறார்களே டிரெட்மில், அந்தப் பெயர் சிறைச்சாலையிலிருந்து வந்தது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கைதிகள் சும்மா உட்காரக் கூடாது என்று வடிவமைத்த கருவி அது. படிகள் பொருத்திய பெரிய உருளை. கைதி ஏறிக்கொண்டே இருப்பான், உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பான். பல வீடுகளில் அந்த இயந்திரம் ஏன் மூன்றாம் மாதமே துணி காயப்போடும் கொடியாகிவிடுகிறது என்று நான் வியப்பதே இல்லை.

இனி பரிசுக்கு வருகிறேன். வேண்டாம். உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறையப் பாதி நேரம்தான் அந்தப் பக்கம் போனார்கள். சும்மா கிடைத்துக்கொண்டிருந்த சந்தோஷத்துக்கு விலை வைத்ததும் அது கூலி வேலையாகிவிட்டது. நீ புள்ளி அட்டை ஒட்டினால் முதல் மாதம் எல்லோரும் ஓடுவார்கள். கடைசி ஐந்து இடத்தில் எப்போதும் இருக்கிற பிள்ளைகள் இரண்டாம் மாதம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மரத்தடிக்கே திரும்பிவிடுவார்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பாய். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன் நீ. அதை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக் எங்கிருந்து வந்தார் என்று பாடத்தில் படித்திருப்பாய், தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பாய். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர் அவர். உன் இன்றைய சிக்கல் அந்தப் பள்ளியில் 1891 குளிர்காலத்திலேயே வந்துவிட்டது.

வெளியே பனி. உள்ளே கூடத்தில் வரிசையாக நின்று கையைத் தூக்கு, காலை நீட்டு என்று டிரில். மாணவர்கள் குழந்தைகள் இல்லை, வளர்ந்த வாலிபர்கள். அவர்களுக்கே அது பிடிக்கவில்லை. அந்த வகுப்பை மேய்க்க முடியாமல் இரண்டு ஆசிரியர்கள் கைகழுவிவிட்டார்கள். மூன்றாவதாக ஜேம்ஸ் நெய்ஸ்மித் தலையில் கட்டினார்கள். துறைத் தலைவர் லூதர் குலிக் இரண்டு வாரம் தவணை கொடுத்துப் புதிதாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். நெய்ஸ்மித் கால்பந்தை அறைக்குள் ஆடவிட்டுப் பார்த்தார், வேறு ஆட்டங்களையும் முயன்றார், ஒன்றும் தேறவில்லை. கடைசியில் பள்ளிக் கட்டடப் பராமரிப்பாளரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைதான் இருக்கிறது என்றார் அவர். அதையே மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். கூடையில் பந்து விழுந்தால் ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். டிரில்லுக்கு முகம் சுளித்த அதே ஆட்கள் அதற்குப் பிறகு கூடத்தை விட்டு நகரவில்லை. கூடைப்பந்து பிறந்த கதை இவ்வளவுதான்.

நாலு வருடம் கழித்து, 1895இல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியர் வில்லியம் மார்கன் இதைவிடப் பெரிய தலைவலியைச் சமாளித்தார். அவரிடம் வந்தவர்கள் தொப்பை விழுந்த வியாபாரிகள். கூடைப்பந்து அவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஒருவர் மேல் ஒருவர் முட்டாமல் நடுவில் வலையைக் கட்டி, சராசரி ஆளின் தலைக்குச் சற்று மேலே இருக்கும்படி ஏற்றி, பந்தைக் கையால் தட்டி அனுப்பச் சொன்னார். வாலிபால் வந்தது.

இரண்டு பேருமே ஆட்களைத் திட்டவில்லை, ஆரோக்கியத்தின் பெருமையைப் பிரசங்கம் செய்யவும் இல்லை என்பதைக் கவனி. வருகிற ஆளுக்குத் தகுந்தபடி ஆட்டத்தை மாற்றினார்கள். நீயோ வளர்ந்த ஆண்களுக்கான 2.43 மீட்டர் உயரத்தில் வலையைக் கட்டி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆடச் சொல்கிறாய். ஒரு பந்துகூட அந்தப் பக்கம் போகாது. இறக்கிக் கட்டு. பந்து ஒரு முறை தரையில் பட்டு எழலாம் என்று விதி வை. நாலைந்து தடவை வலையைத் தாண்டிப் போய் வந்துவிட்டால் பிறகு அவர்களை வீட்டுக்கு அனுப்பத்தான் நீ விசில் ஊத வேண்டியிருக்கும்.

மார்கனின் வியாபாரிகளை நம் ஊரிலேயே பார்க்கலாம். பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பின்னால் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து பார். பாதி வலை நைலான், மீதி வலை யாரோ முடிந்துவிட்ட சணல் கயிறு. உரக்கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்க்கையால்தான் சர்வீஸ் போடுவார், அதுவும் எப்போதும் இடது மூலைக்கே போகும், எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பாயின்ட் அதில் விழுந்துவிடும். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஸ்கோர் சொல்லுவார், பஸ்ஸில் இடம் அறிவிக்கிற அதே குரலில். அங்கே ஒருவர் வாயிலும் உடற்பயிற்சி என்ற சொல் வராது. ஒரு நாள் வரவில்லை என்றால், "ஆள் குறைகிறது, எங்கே இருக்கிறாய்?" என்று போன் வந்துவிடும். எனக்குத் தெரிந்து மனிதனை ஆண்டுக்கணக்கில் மைதானத்துக்கு வரவைப்பது அந்த ஒரு போன்தான். தனியாக நடக்கிறவனை மழை நிறுத்திவிடும்.

உன் பிள்ளைகளுக்கும் அதையே ஏற்பாடு செய். குறுவட்டப் போட்டிக்குப் போகிற பன்னிரண்டு பேர் உன்னிடம் ஏற்கெனவே சொக்கிக் கிடப்பார்கள், அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மிச்சமிருக்கிறவர்களைப் பார். ஆட்டத்தில் அவுட்டானவன் வெளியே உட்கார வேண்டும் என்றால் முதலில் உட்காருகிறவன் யார்? ஓட்டம் யாருக்கு மிகவும் தேவையோ அவன்தான். கிளித்தட்டு ஆடவிடு. சாக்பீஸ் தூளோ சாம்பலோ போட்டுக் கோடு இழுத்தால் போதும். குறுக்குக் கோடுகளில் ஆள் நிற்க, கிளி என்கிற காவல் ஆள் நடுக்கோட்டில் பாய, மற்றவர்கள் நழுவி ஏறி இறங்க, பிடிபட்டால் அணி மாறுகிறது, யாரும் வெளியேறுவதில்லை. அரை மணி நேரம் ஓடியிருப்பார்கள், எத்தனை ரவுண்டு என்று ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆள் எடுக்கவிடாதே. கடைசியில் மிஞ்சி நிற்கிற பிள்ளைக்கு அந்த அரை நிமிடம் ஆயுசுக்கும் மறக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்துவிடு.

ஓட்டமே வேண்டும் என்றால் ஸ்காட்லாந்தில் எலெய்ன் வைலி என்ற தலைமை ஆசிரியை செய்ததைச் செய். ஸ்டர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி. 2012 பிப்ரவரியில் அவர் தொடங்கியது, தினமும் பதினைந்து நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் வெளியே. சீருடையோடு, நேரமளக்காமல், முந்துகிறவன் பிந்துகிறவன் என்ற பேச்சே இல்லாமல். ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம், கூட்டாளியோடு கதை பேசிக்கொண்டே போகலாம். பெரும்பாலான பிள்ளைகள் அதற்குள் ஏறத்தாழ ஒரு மைல் போய்விடுவார்கள், அதனால் டெய்லி மைல் என்று பெயர். 2018இல் வெளியான ஆய்வு, அப்படி ஓடிய பள்ளிப் பிள்ளைகள் ஓடாத பள்ளிப் பிள்ளைகளைவிட நாளொன்றுக்கு ஒன்பது நிமிடம் கூடுதலாக நன்றாக இயங்கினார்கள் என்று கண்டது. ஒன்பது நிமிடம்தானா என்று சிரிக்காதே, பைசா செலவில்லாமல் வந்தது அது. நம் ஊர் வெயிலுக்குக் காலை வழிபாடு முடிந்ததுமே வைத்துக்கொள். நீயும் கூடவே பேசிக்கொண்டு நட.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் உலக அளவில் 81 விழுக்காட்டினர் நாளுக்கு ஒரு மணி நேரம்கூட ஓடியாடுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பெண்களை மட்டும் எடுத்தால் 85. எட்டாம் வகுப்பு வரை பம்பரமாகச் சுற்றியவள் ஒன்பதில் மரத்தடிக்குப் போகிறாள் என்றால், சோம்பலைத் தேடாதே. மைதானம் முழுவதும் பையன்களின் கிரிக்கெட். சுற்றுச்சுவர் இடிந்த பக்கம் சாலை, சாலையில் டீக்கடை, டீக்கடையில் கண்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதைக்கூட நீதான் போய்ப் பார்க்க வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் ஓர் இடத்தையும் வாரத்தில் நிச்சயமான நேரத்தையும் அவர்களுக்கே ஒதுக்கு. என்ன ஆடுவது என்று அவர்களையே கேள்.

கொங்குப் பக்கத்துப் பள்ளி என்பதால் வள்ளி கும்மி என்று பதில் வந்தாலும் வரும். வந்தால் தட்டிக் கழிக்காதே. ஒரு காலத்தில் ஆண்களே ஆடிய ஆட்டம். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர், 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இப்போது கோவை, ஈரோடு, திருப்பூர் கோயில் திடல்களில் பேத்தியும் பாட்டியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். குனிந்து கைதட்டி, நிமிர்ந்து திரும்பி, பாட்டின் வேகம் ஏற ஏறக் கால் எட்டிப் போட்டு அடிக்க வேண்டும். உன் டிரில்லில் இல்லாத எதுவும் அதில் பாக்கி இல்லை. அரங்கேற்றத்துக்கு முன்னால் வாரக்கணக்கில் மாலைப் பயிற்சி நடக்கும், கட்டாயப்படுத்த ஆள் வைப்பதில்லை. அடுத்த வீட்டுப் பெண் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டு போவாள்.

இனி கணக்கு ஆசிரியர். பத்தாம் வகுப்புக்குப் பாடம் முடியவில்லை என்று உன் பாடவேளையைக் கேட்டு வருவார். இந்த ஒரு முறைதான் என்பார். ஒரு முறை கொடுத்தால் மார்ச் வரை போய்விடும். கொடுக்காதே, சண்டையும் வேண்டாம். சாயங்காலம் வாலிபாலுக்கு ஆள் குறைகிறது என்று சொல்லி அவரையே கூப்பிடு. வந்தால் அவரைக் கீழ்க்கை சர்வீஸ் போடவிடு.

வலை கிழிந்து கிடக்கிறது என்றாயே, உன் தளத்தை அளந்து எழுதி அனுப்பு. ஈரோட்டில் வாங்கி சனிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பணத்தைப் பற்றி உன் அம்மாவிடம் மூச்சு விடாதே.

அன்புடன்,
மாமா